கர்ப்பிணிகளைக் காத்த லூசி அம்மையார்

கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அதில் இரும்புச் சத்துடன் போலிக் அமிலம் என்ற சத்தும் இருக்கிறது. அப்படி ஒரு சத்து உண்டு என்று வழி காட்டியவர் டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார். அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பகுதி, நம் கோவைக்கு அருகே குன்னூரில் நடந்தது.

பட்டம் இல்லை

லூசி 1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நில இயலும் படித்தார். அந்தக் காலத்தில் பெண்கள் பரீட்சையில் தேறினாலும் அங்கே பட்டம் தர மாட்டார்கள். லூசி மனம் தளரவில்லை. லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920-ல் டாக்டர் ஆனார்.

பம்பாயில் கண்டது

1928-ல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கர்ப்பமானதும் வெளுத்துப் போனார்கள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. சிலர் உயிரையே இழந்தார்கள். காரணம் சோகை.

எந்தச் சோகை? அதுதான் கேள்வி.

ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் லூசி. இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பு அணுக்கள் சிறுத்து, வெளுத்து இருக்கும். இங்கேயோ அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்து இருந்தன! எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் சரியாக முதிரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் விசாரித்தார். காய்கறி, பழம், பால் மிகக் குறைவு. எலிகளுக்கு அதே சாப்பாட்டைக் கொடுத்தார். அவற்றுக்கும் சோகை கண்டது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தார். சோகை வரவில்லை!

மலையில் ஆராய்ச்சி

1929-ல், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறும் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அதுதான் இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான கரும் பசை மார்மைட். அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களில் பசி எடுத்தது. ரத்தத்தில் புது அணுக்கள் பெருகின. தாய்மார் பிழைத்தார்கள்.

மேல்நாடுகளில் பெர்னிஷியஸ் என்ற கொடிய சோகை உண்டு. அதிலும் அணுக்கள் இப்படியே பெருக்கும். ஆனால் அதைத் தீர்த்த சுத்தமான ஈரல் சாறு, இந்தப் பெண்களுக்குப் பலிக்கவில்லை. ஆகவே இது வேறு நோய், குறைந்திருப்பது வேறு சத்து என்று லூசி நிரூபித்தார்.

இலையில் கிடைத்த சத்து

அந்தச் சத்து 1941-ல் பசலைக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்டது. லத்தீன் மொழியில் போலியம் என்றால் இலை. அதனால் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1945-ல் அதை அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

லூசி திருமணம் செய்து கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளிலேயே போய் வந்த எளிமையானவர். 1964-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ந் தேதி காலமானார்.

முகம் வெளுத்திருந்தால் சோகை என்று எவரும் சொல்லிவிடலாம். அது எந்தச் சோகை என்பதை ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு ஏற்ற மருந்துதான் தாயையும் பிள்ளையையும் காக்கும்.