பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர் இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்)

மஃரிபு தொழுதபின் திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் காவிரிப் பாலத்தில் நின்று மேற்கே நோக்குவோர், சில மாதங்களில் வெள்ளிக்கோள் பளிச்சிடக் காண்பர். அடிவானத்தை ஒட்டிச் சில நாட்களே தோன்றி மறைவது புதன். சூரியனை விட்டுப் புதன் 28 பாகைக்கு மேலும், வெள்ளி 47 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. ஆகவே அவை அந்தியிலோ வைகறையிலோதான் தென்படும். எந்நாளில் எங்கே தோன்றும் என்று முன்கூட்டிக் கணிப்பதில், அறிஞர்களை நெடுங்காலம் திணறடித்தது புதனே. அக்கணக்கைச் சீர்செய்த பெரியார் ஒரு பள்ளிவாசல் ஊழியர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

அலாவுத்தீன் அலீ இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரில் பிறந்தார்கள். ஆறு வயதில் தந்தையை இழந்தார்கள். குடும்பத்துப் பெரியவரிடம் தந்தம் பதிக்கும் தொழிலைக் கற்றார்கள். பின்னர் மிஸ்ரு நாடு சென்று வானியல் பயின்றார்கள். ஊர் திரும்பி, உமையாப் பெரிய பள்ளியில் முவக்கித் என்னும் நேரக் கணிப்பாளர் பொறுப்பை ஏற்றார்கள். பாங்குக்கு நேரம் குறித்துக் கொடுப்பதே அன்னாரின் அன்றாடப் பணி. ஹிஜ்ரி 773-இல் (கி.பி. 1371-72) அப்பள்ளியின் மினாராவுக்கெனப் பெரிய பளிங்குச் சூரியக் கடிகாரம் ஒன்றைச் செய்தளித்தார்கள்.

அவர்களுக்கு ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் தாலமி வகுத்த முறையில், கோளின் வட்டம் தன் மையத்தைப் பொறுத்துச் சீராகச் சுழலாமல் வேறொரு புள்ளியைப் பொறுத்துச் சுழன்றது. அன்னார் அதை நீக்கி, தத்தம் மையத்தில் சீராகச் சுழலும் வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்துக் கணித்தார்கள். பூமியே நடுவில் உள்ளது என்றே அவர்களும் கொண்டார்கள். எனினும் 1543-இல் வெளிவந்த கோப்பர்னிக்கஸின் நூலில், சூரியனை நடுவில் வைத்த பின்னரும் புதனுக்குக் கூறப்பட்ட வட்ட அமைப்பு இதனோடு ஒத்திருப்பதை 20-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டனர். கி.பி. 1375 அளவில் அன்னார் வஃபாத்தானார்கள்.

சகோதரர்களே! கோள் எங்கே தோன்றும் என்று கணிப்பது இல்மு. அது நம் நன்மை தீமையை நிர்ணயிக்கும் என்று நம்புவது ஈமானைப் பழுதாக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல், சோதிடத்தை வெறுக்கப் போய்க் கணக்கையே கைவிட்டோர் நம்மில் உண்டு. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. திருச்சி அதற்கு மேற்கே ஏறத்தாழ 4 பாகை தள்ளியுள்ளது. பாகைக்கு 4 நிமிடம். எனவே இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15 மணி அளவில். அது சாய்ந்த பின்னரே லுஹர். பள்ளியில் தொங்கும் நேர அட்டைக்குப் பின்னே இக்கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுக் காட்ட மஹல்லாவுக்கு ஒருவரேனும் வேண்டாமா? நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் அந்த இல்மை அருள்வானாக! ஆமீன்.