போலீஸ் பதவியிலிருந்து பிறந்த ஜோகூர்: யார் இந்த தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம்?

ஜோகூர் அரச குடும்பச் செய்திகளில் 'துங்கு தெமெங்கோங்' என்ற பட்டத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இப்போது அது ஓர் அரச மரியாதை. 200 ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு வேலை. ஊர்க்காவல், குற்றவாளிகளைப் பிடிப்பது, சந்தையைக் கண்காணிப்பது எல்லாம் தெமெங்கோங் பொறுப்பு. இன்றைய பேச்சில் சொன்னால், நாட்டின் போலீஸ் தலைவர்.

இந்தப் பதவிக்கு வருவது எப்படி? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்கு வேட்பாளர்கள் நின்று, மக்களிடம் ஓட்டுக் கேட்கிறார்கள். மலேசியாவில் மாநில போலீஸ் தலைவர் நியமிக்கப்படுகிறார். அன்றைய ஜோகூரில் ஓட்டும் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை. ரத்த உறவு வேண்டும், பின்னால் ஆட்கள் வேண்டும், மற்ற பெரிய தலைவர்களின் சம்மதம் வேண்டும். 1819க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஆங்கிலேயரின் தலையசைப்பு.

டாயேங் இப்ராஹிம் பிறந்தது 1810இல், ரியாவ் பகுதியின் பூலாங் தீவில். அப்பா தெமெங்கோங் அப்துல் ரஹ்மான். 1819 பிப்ரவரி 6ஆம் தேதி சிங்கப்பூரில் ராஃபிள்ஸ், சுல்தான் ஹுசேன் இருவருடனும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அதற்கு ஈடாக அவருக்கு ஆண்டுக்கு 3,000 ஸ்பானிய டாலர். ஆனால் நான்கே ஆண்டில் ஆற்றங்கரையிலிருந்து கிளப்பி, தெலோக் பிளாங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1824இல் இன்னொரு ஒப்பந்தம். சிங்கப்பூர் முழுசாகக் கைமாறியது. மறு ஆண்டு டிசம்பரில் அப்பா இறந்தபோது இப்ராஹிமுக்கு வயது 15.

பதவிக்கு உரிமை கொண்டாட வீட்டிலேயே இரண்டு பேர். மூத்தவர் அண்ணன் அப்துல்லா. அண்ணன் இருக்க, கடைசியில் பதவி வந்து சேர்ந்தது தம்பியிடம். ஆனால் முறைப்படி பட்டம் சூட்டிக்கொள்ள அவர் காத்திருந்தது 16 ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு தாமதம்? போலீஸ் தலைவராக வேண்டியவர் மீதே சந்தேகம் இருந்தது. தெமெங்கோங் குடும்பத்தின் பலம் ஓராங் லாவுட் எனும் கடல் மக்கள். இந்தத் தீவுகளுக்கு இடையே படகோட்டியே வாழ்ந்தவர்கள். தலைவன் சொன்னால் காவல் காப்பார்கள், வரி வாங்குவார்கள், சில சமயம் கொள்ளையும் அடிப்பார்கள். உள்ளூர்க்காரனுக்கு வரி வசூல். சிங்கப்பூர் வணிகருக்கு அதுவே கடற்கொள்ளை. தெமெங்கோங்கின் ஆட்களுக்கு இதில் பங்குண்டு என்று ஆங்கிலேயர் நம்பினார்கள். 1836இல் 'ஆண்ட்ரோமகி' என்ற போர்க்கப்பல் வந்து ரியாவின் காலாங் தீவுக் கிராமங்களைத் தாக்கியது.

இப்ராஹிம் காற்று வீசும் திசையைப் புரிந்துகொண்டார். எதிர்த்து நிற்கவில்லை, கொள்ளையை அடக்க உதவுகிறேன் என்று ஆங்கிலேயர் பக்கம் வந்துவிட்டார். அதற்குப் பலன் கிடைத்தது. 1841 ஆகஸ்டில் பஹாங்கின் பெண்டஹாரா துன் அலி அவருக்கு முறைப்படி பட்டம் சூட்டினார். ஆளுநர் போன்ஹம் அந்த விழாவுக்கு வந்திருந்தார். 1846இல் அடுத்த ஆளுநர் பட்டர்வொர்த், கடற்கொள்ளையை அடக்கியதற்காக அவருக்கு ஒரு வாளைப் பரிசளித்தார். பத்து ஆண்டுக்கு முன்பு சந்தேகப் பட்டியலில் இருந்தவர்! திருந்திவிட்டாரா, இல்லை எந்தப் பக்கம் ஆதாயம் என்று கணக்குப் போட்டாரா? என்னைக் கேட்டால் கணக்குதான். அந்தக் கணக்கு சரியாக அமைந்தது.

பணம் வந்தது காட்டிலிருந்து. 'கெத்தா பெர்ச்சா' என்ற மரப்பாலுக்கு 1840களில் உலகச் சந்தையில் திடீர் கிராக்கி. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதைவிட நல்ல பொருள் அப்போது இல்லை. ஜோகூர் காட்டில் அந்த மரம் நிறைய. கடலில் சுற்றிய தன் ஆட்களைக் காட்டுக்கு அனுப்பி, அந்த வியாபாரத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தார் இப்ராஹிம். மற்றவர்களை விற்க விடாமல் மிரட்டுகிறார் என்று சிங்கப்பூர் வணிகர்கள் புலம்பினார்கள். காவல் அதிகாரமும் கடைச் சாவியும் ஒரே கையில் இருந்தால் அப்படித்தானே ஆகும்?

1844 முதல் ஆற்றுப்பகுதிகளில் காம்பீரும் மிளகும் பயிரிட, சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுச் சீட்டு கொடுத்தார். சீட்டு வாங்கியவர் 'காங்சூ'. பயிர் வைப்பதோடு, தன் ஆற்றில் ஒழுங்கைக் காப்பதும் காங்சூவின் பொறுப்பு. ஆக, போலீஸ் வேலையையே குத்தகைக்கு விட்டார் இப்ராஹிம்.

இத்தனைக்கும் ஜோகூருக்குச் சுல்தான் என்ற பெயரில் ஒருவர் இருந்தார். ஹுசேனின் மகன் அலி. பட்டம் இருந்தது, கையில் பணம் இல்லை. 1855 மார்ச் 10ஆம் தேதி ஒப்பந்தத்தில் அலிக்குச் சுல்தான் பட்டமும், கெசாங்-மூவார் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமும், 5,000 டாலரும், மாதம் 500 டாலரும் கிடைத்தன. மிச்ச ஜோகூர் முழுவதும் தெமெங்கோங் கைக்குப் போனது. அதே ஆண்டு நீரிணைக்கு இந்தப் பக்கம் தஞ்சோங் புத்திரி என்ற ஊரை இப்ராஹிம் நிறுவினார். இன்று பாலம் தாண்டி நாம் வந்து இறங்கும் ஜோகூர் பாரு அதுதான்.

1862 ஜனவரியில் அவர் காலமானார். மகன் அபு பக்கர் 1866இல் ஊருக்கு இப்போதைய பெயரை வைத்தார். 1885இல் சுல்தான் ஆனார். 2024இல் மாமன்னராகப் பொறுப்பேற்ற சுல்தான் இப்ராஹிம் இந்த வழியில் வந்தவரே.

டாயேங் இப்ராஹிமின் கல்லறை ஜோகூரில் இல்லை. சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் இருக்கிறது. பக்கத்திலேயே அவர் பெயரில் அபு பக்கர் 1890இல் கட்டிய பள்ளிவாசல். சிங்கப்பூர் மண்ணில் நின்றாலும், அதை இன்றும் நிர்வகிப்பது ஜோகூர் மாநிலம்.