மூளையின் காவலரைக் கண்டவர்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி ஒன்றில் அடைப்பு ஏற்பட்டால், அதனை நம்பி வாழும் பகுதி சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. பேச்சு குழறுகிறது, ஒருபக்கக் கையும் காலும் செயலிழக்கின்றன. இதனையே பக்கவாதம் என்கிறோம். அங்கே மடிந்த செல்களை அடுத்துவரும் நாள்களில் அகற்றுவது யார்? தோலில் முள் தைத்தால் குருதியின் வெள்ளையணுக்கள் விரைந்து வந்து சூழ்ந்துகொள்கின்றன. மூளையோ எலும்புப் பேழைக்குள், உறைகள் போர்த்த தனியிடத்தில் வாழ்கிறது. அதற்கெனக் காவல் ஏதேனும் உண்டா? இவ்வினாவுக்கு 1919ஆம் ஆண்டில் விடை கண்டவர் பீயோ தெல் ரியோ ஓர்தேகா என்னும் ஸ்பெயின் நாட்டு அறிஞர். அவ்விடை அவருக்குப் புகழைத் தந்தது. தாம் பெரிதும் மதித்த ஆசானின் அருகிருக்கும் வாய்ப்பையோ பறித்துக்கொண்டது.

ஊர் மருத்துவர்

ஸ்பெயினின் வயதோலித் மாநிலத்தில், போர்த்தீயோ என்னும் சிற்றூரில் 1882ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஓர்தேகா பிறந்தார். வயதோலித் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1905இல் பட்டம் பெற்றார். சிலகாலம் பிறந்த ஊரிலேயே மருத்துவம் பார்த்தார். ஆயினும் அவர் உள்ளம் நோயாளியின் நாடியைவிட நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டையே நாடியது. மூளைக் கட்டிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1913இல் கிடைத்த உதவித்தொகையைக் கொண்டு பாரிசிலும் பெர்லினிலும் பயின்றார். முதல் உலகப்போர் மூண்டமையால் தாயகம் திரும்பி, மாட்ரிட்டில் நிக்கோலாஸ் அச்சூக்கார்ரோ என்னும் இளம் பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அக்கால மாட்ரிட்டில் நரம்பியல் என்றாலே சாந்தியாகோ ரமோன் கஹால்தான். மூளை ஒரே வலைப்பின்னல் அன்று, தனித்தனி நரம்பு செல்களால் ஆனது என்று நிறுவி, 1906இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அச்சூக்கார்ரோ அவருடைய மாணவர். ஆகவே ஓர்தேகா அக்குருமரபில் மூன்றாம் தலைமுறையினர் எனலாம். 1918இல் அச்சூக்கார்ரோ நோயுற்றுத் தம் 37ஆம் வயதில் மறைந்தார். ஆய்வகத்தின் பொறுப்பு ஓர்தேகாவின் தோளில் ஏறியது.

வெள்ளியின் ஒளியில்

மூளைத்திசுவை மெல்லிய சீவல்களாக்கி அப்படியே நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணுக்குத் தெரிவது மங்கலான பரப்பு மட்டுமே. செல்லின் வடிவம் புலப்பட வேண்டுமானால் அதற்குச் சாயம் ஏற்ற வேண்டும். எந்தச் சாயம் எந்தச் செல்லைப் பற்றும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனவே அக்காலத்து ஆய்வாளர் பாதி அறிவியலாளராகவும் பாதி சமையல்காரராகவும் இருக்க நேர்ந்தது. கரைசலின் அடர்வு, வெப்பம், ஊறவைக்கும் நேரம் ஆகியவற்றுள் ஒன்று பிசகினாலும் முழு உழைப்பும் வீணாகும்.

நரம்பு செல்களுக்கிடையே நிறைந்திருக்கும் பிற செல்களை அறிஞர்கள் கிளியா என்றனர். பசை என்பது அச்சொல்லின் பொருள். நரம்பு செல்களை ஒட்டிவைக்கும் வெறும் பசை என்றே நெடுங்காலம் அவை கருதப்பட்டன. 1913இல் கஹால் தங்க உப்பைக்கொண்டு அவற்றுள் விண்மீன் வடிவச் செல்களைத் தெளிவாகக் காட்டினார். அவற்றையன்றி, கிளைகள் இல்லாதனவாகத் தோன்றிய சிறு செல்களும் அங்கே இருந்தன. நரம்பு செல் முதலாவது, விண்மீன் வடிவச் செல் இரண்டாவது என எண்ணி, எஞ்சியவற்றை மூன்றாவது உறுப்பு என்று அவர் பெயரிட்டார். அவற்றுக்குக் கிளைகள் இல்லை என்பதே அவருடைய முடிவு.

உண்மையில் கிளைகள் இருந்தன. சாயம்தான் அவற்றைப் பற்றவில்லை. 1918இல் ஓர்தேகா வெள்ளி நைட்ரேட்டோடு சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, வரும் வீழ்படிவை அம்மோனியாவில் கரைத்துப் புதியதொரு சாயமேற்றும் முறையை உருவாக்கினார். அக்கரைசலில் தோய்ந்த சீவல்களில், சிறிய உட்கருவும் முள்ளடர்ந்த மெல்லிய கிளைகளும் கொண்ட செல்கள் கருமையாகத் துலங்கின. ஒவ்வொன்றும் தன் எல்லையில் நின்று, அண்டைச் செல்லைத் தொடாமல் கிளை பரப்பியிருந்தது. 1919இல் வெளியிட்ட கட்டுரைகளில் இவற்றுக்கு அவர் மைக்ரோகிளியா என்று பெயர் சூட்டினார்.

வடிவத்தைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. காயமுற்ற மூளையில் இச்செல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தார். அவை கிளைகளைச் சுருக்கிக்கொண்டன. உருண்டு திரண்டு அமீபாவைப் போல ஊர்ந்தன. சிதைந்த செல்களையும் கொழுப்பையும் விழுங்கிப் பருத்தன. அமைதிக்காலத்தில் மரம்போல் கிளைத்து நிற்பதும், இடர்க்காலத்தில் ஊர்ந்து துப்புரவு செய்வதும் ஒரே செல்தான் என்று கண்டார். பிற கிளியாக்கள் கருவின் புற அடுக்கில் தோன்றுபவை. இவையோ நடு அடுக்கில் தோன்றி, வளரும் மூளைக்குள் வெளியிலிருந்து குடியேறுபவை என்றும் உரைத்தார். மூளைக்குத் தனிக் காவல் உண்டு என்பதே இதன் பொருள்.

ஆசானும் மாணவரும்

கஹால் குறிப்பிட்ட மூன்றாவது உறுப்பு ஒன்றன்று, இரண்டு என்பது இப்போது வெளிப்பட்டது. ஒன்று மைக்ரோகிளியா, மற்றொன்றை ஓர்தேகா 1921இல் ஆலிகோடெண்ட்ரோகிளியா என்றார். நரம்பிழைகளைச் சுற்றி உறை அமைப்பது அதன் பணி. இவ்வாறு சொல்வது, நோபல் பரிசு பெற்ற ஆசான் அரைகுறையாகவே கண்டார் என்று உலகறியச் சொல்வதாகும். கஹால் அதனை எளிதில் ஏற்கவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட்சன் இச்செல்களை முன்பே கண்டுவிட்டார் என்று 1920இல் எழுதினார். இரண்டாவது வகைச் செல்லையோ அவர் ஐயத்துடனே நோக்கினார்.

கருத்து வேறுபாட்டோடு ஆய்வகப் பணியாளருடன் நேர்ந்த பூசலும், இருவருக்கும் இடையே பிறர் சொன்ன சொற்களும் சேர்ந்துகொண்டன. 1920இல் ஓர்தேகா அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. கஹால் சினந்தார் என்பதற்காக அவரைச் சிறியவராக எண்ணுதல் தகாது. வாழ்நாள் முழுதும் கண்ணால் கண்டதையே நம்பிய அவருக்குத் தம் கண்ணாடித் தகட்டில் தெரியாத கிளைகளை நம்புவது கடினமாக இருந்தது. ஓர்தேகாவும் ஆசானைத் தாழ்த்திப் பேசவில்லை; தம் முடிவையும் கைவிடவில்லை. மாட்ரிட்டின் மாணவர் இல்லத்தில் அமைந்த சிறிய ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்தார். கவிஞர் லோர்காவும் ஓவியர் தாலியும் தங்கியிருந்த இல்லம் அது.

அச்சிற்றிடத்தைத் தேடி 1924இல் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் இளம் அறுவை மருத்துவர் அமெரிக்காவிலிருந்து வந்தார். பிற்காலத்தில் கனடாவில் மூளை அறுவை மருத்துவத்தின் முன்னோடியாக விளங்கியவர் இவரே. வெள்ளிச் சாயமுறையை ஓர்தேகாவிடம் கற்று, இராபர்ட்சனின் பழைய முறையையும் அவர் செய்து பார்த்தார். இராபர்ட்சன் கண்டவை மைக்ரோகிளியா அல்ல, ஆலிகோடெண்ட்ரோகிளியாவே என்பது தெளிவாயிற்று. காலப்போக்கில் ஆசானுக்கும் மாணவருக்கும் இடையிலான மனக்கசப்பும் தணிந்தது. கஹால் 1934இல் மறைந்தார்.

புலம்பெயர்ந்த ஆய்வு

1929இலும் 1937இலும் நோபல் பரிசுக்கு ஓர்தேகாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிட்டவில்லை. அதற்குள் 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தலைமையும் மாட்ரிட் வாழ்வும் அவரைவிட்டு நீங்கின. பாரிசிலும், பின்னர் ஆக்சுபோர்டிலும் மூளைக் கட்டிகளை ஆராய்ந்தார். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இரண்டாம் உலகப்போர் அங்கும் துரத்தவே, 1940இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரை அடைந்தார். 58 வயதில் புதிய நாட்டில் மீண்டும் ஓர் ஆய்வகம், மீண்டும் மாணவர்கள், ஓர் ஆய்விதழ் எனத் தொடங்கினார். வாழ்வெல்லாம் கட்டிகளை ஆராய்ந்த அவரைப் புற்றுநோயே 1945 சூன் 1ஆம் நாள் கொண்டுசென்றது.

இன்று

மைக்ரோகிளியா ஓய்ந்து நிற்பதில்லை என்பது 2005இல் தெரியவந்தது. உயிருள்ள எலியின் மூளையைச் சிறப்பு நுண்ணோக்கியால் நோக்கியபோது, அச்செல்களின் கிளைகள் ஓயாது நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. அவை கருவின் மஞ்சட்கருப்பையில் தோன்றி மூளைக்குள் நுழைகின்றன என்று 2010இல் எலிகளிடம் காட்டப்பட்டது. வழியைப் பற்றி ஓர்தேகா கூறியது முழுதும் சரியன்று. வெளியிலிருந்து வருகின்றன என்று கூறியது சரி.

பக்கவாத ஆய்வு இச்செல்களிடமே வந்து நிற்கிறது. குருதி தடைப்பட்டதும் அவை விழித்தெழுந்து அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. குருதிக் குழாய்களின் தடுப்பரண் தளர்கிறது. வெளியிலிருந்து வெள்ளையணுக்களும் உட்புகுகின்றன. இப்படை மடிந்தவற்றை அகற்றுகிறது. அதே வேளையில், பிழைக்கக்கூடிய அண்டைச் செல்களையும் அழித்துவிடுகிறது. நாள்கள் கழிந்தபின் புண் ஆறத் துணைபுரிவதும் இதே செல்கள்தாம். முற்றிலும் அடக்கினால் துப்புரவு நின்றுபோகும். அடக்காவிட்டால் சேதம் பெருகும். எந்த வேளையில், எந்த அளவில் அழற்சியைத் தணிப்பது என்பதற்கு உறுதியான மருத்துவமுறை இன்னும் அமையவில்லை.

மைக்ரோகிளியாவைச் சில நூல்கள் ஓர்தேகா செல்கள் என்றும் வழங்கின. புவனோஸ் ஐரிசில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எச்சங்கள் 1986இல் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டன. அவர் மருத்துவம் பயின்ற வயதோலித் நகரில், சான்றோருக்கென அமைந்த கல்லறையில் அவை வைக்கப்பட்டுள்ளன.