தாத்தாவின் பெயரை எழுதி வைத்தவர்

ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது பத்திரம், பட்டா, கோயில் கல்வெட்டு. நிலமும் கோயிலும் மறுக்கப்பட்ட மக்களிடம் இவை எப்படி இருக்கும்? மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் சொல்லத் தெரியாத குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்து, தன் தாத்தாவின் பெயரை அச்சில் பதித்துவிட்டுப் போனவர் பண்டிதர் அயோத்திதாசர்.

அவர் பிறந்தது 1845 மே 20. பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசர். அவர் மீது கொண்ட மரியாதையால் அந்தப் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டார். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இங்கேயே முதல் முடிச்சு விழுந்துவிடுகிறது. பழைய காகிதத்தில் காத்தவராயன் என்று இருப்பவரும் அயோத்திதாசர் என்று இருப்பவரும் ஒருவரே என்று தெரியாவிட்டால் நூல் அறுந்துபோகும். பிறந்த ஊரிலும் இதே சிக்கல்தான். சென்னை ஆயிரம் விளக்கு என்று சிலரும், கோவைப் பக்கம் என்று சிலரும் எழுதுகிறார்கள். இளமை கழிந்தது நீலகிரியில் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

அவருடைய தாத்தா கந்தப்பன். ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர். வீட்டில் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை அவர் துரையிடம் கொடுத்தார். துரை வழியாக அது எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது. இதைப் பேரன் அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். அவர் எழுதாமல் போயிருந்தால் கந்தப்பன் என்ற பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பேரன் சொன்னால் மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், கேட்பதுதான் முறை. காலத்தை வைத்துப் பார்ப்போம். திருக்குறள் முதலில் அச்சேறியது 1812-இல். குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய எல்லிஸ் இறந்தது 1819-இல். அந்த ஆண்டுகளில் வேலையில் இருந்த ஒருவருக்கு 1845-இல் பேரன் பிறப்பது கணக்குக்குப் பொருந்தி வருகிறது. கந்தப்பன் கொடுத்த சுவடியிலிருந்துதான் முதல் அச்சுப் பதிப்பே வந்தது என்பது வேறு செய்தி. அதற்குத் தனிச் சான்று வேண்டும். உறவு ஒன்று, உரிமைகோரல் இன்னொன்று. இரண்டையும் கலக்காமல் வைத்தால்தான் நம் வரலாற்றை நாளை எவரும் தள்ளிவிட முடியாது.

அடுத்த முடிச்சு இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்து, லண்டன் வட்டமேசை மாநாடு வரை போய் நம் குரலை ஒலித்தவர். இருவரும் மைத்துனர்கள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால் தமிழில் மைத்துனர் என்றால் மனைவியின் சகோதரனும் ஆகலாம், சகோதரியின் கணவனும் ஆகலாம். சீனிவாசனின் சகோதரி தனலட்சுமியை அயோத்திதாசர் மணந்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் விளக்கும்போதுதான் உறவு தெளிவாகிறது. இரண்டு பெரிய தலைவர்களை இணைக்கும் கண்ணி ஒரு பெண். பெண்ணின் பெயரை விட்டுவிட்டால் பாதிக் குடும்பம் மறைந்துவிடும்.

தன் வீட்டோடு அவர் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவருக்கும் முன்னோர் யார் என்று தேடினார். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மக்களை ஆதித் தமிழர் என்று பதியக் கேட்டார். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். நம் முன்னோர் பூர்வ பௌத்தர்கள், சாதியால் தாழ்ந்தவர்கள் அல்லர் என்பது அவர் முடிவு. 1907-இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் தமிழன் என்ற பெயரில் நடத்தினார். கணக்கெடுப்பவர் எழுதும் பெயரே நாளை நம் வரலாறு ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ராயப்பேட்டையில் சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே எழுதி வந்த அவர் 1914 மே 5 அன்று காலமானார். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அவர் எழுத்தைக் காப்பாற்றினார்கள். 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே அவை பரவலாகக் கிடைத்தன. எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவரே மறக்கப்பட்ட தாத்தாவாக இருந்தார்.

இது பழம்பெருமை பேசும் விஷயம் அல்ல. அயோத்திதாசர் சபை தொடங்கிய காலத்தில்தான், 1892-இல், ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் வழங்க வெள்ளை அரசு ஆணையிட்டது. அந்த நிலம் எத்தனையோ ஊர்களில் கைமாறிக் கிடக்கிறது. பழைய பதிவேட்டில் உள்ள பெயர் என் பூட்டனுடையது என்று காட்ட முடியாமல் கைவிட்டவர்கள் எத்தனை பேர்! பூட்டனின் பெயர் ஒரு பதிவேட்டில் சின்னான் என்றும் இன்னொன்றில் சின்னப்பன் என்றும் இருக்கும். யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

மாணவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ள பாட்டியிடம் உட்கார்ந்து பெயர்களைக் கேளுங்கள்: கூப்பிட்ட பெயர், பள்ளியில் கொடுத்த பெயர், மதம் மாறியிருந்தால் புதுப் பெயர், பிறந்த ஊர், பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர். யார் சொன்னது, எந்தத் தேதியில் என்றும் குறியுங்கள். பிறகு பள்ளிப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, தோட்டத்திலோ சுரங்கத்திலோ வேலை பார்த்த சீட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கணக்கு ஆகியவற்றோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போவதை மையால் எழுதுங்கள், சந்தேகமானதைப் பென்சிலால் எழுதுங்கள். பாட்டிகள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.