மாடு செத்த மர்மத்தைத் துலக்கிய டாக்டர்

நேற்று நன்றாக மேய்ந்த பசு, இன்று காலையில் தொழுவத்தில் செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் வாயிலும் கறுத்த இரத்தம் கசிகிறது. அந்த இரத்தம் உறையவில்லை. கடலூர், சிதம்பரம் பக்கத்தில் ஒரு மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பம் எத்தனையோ! அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியுமா?

இப்படித் திடீரென்று கொல்லும் நோய்களில் ஒன்று, அடைப்பான். அதன் மர்மத்தை உலகுக்கு விளக்கியவர், ராபர்ட் கோக்.

பத்திரிகை பார்த்துப் படித்தவர்

கோக், ஜெர்மனியில் 1843-ம் ஆண்டு பிறந்தார். தந்தை சுரங்க அதிகாரி. கோக் 5 வயதிலேயே பத்திரிகைகளைப் பார்த்துத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பெற்றோர் அதிசயித்தனர்.

பிறகு அவர் டாக்டரானார். 1872-ல் வோல்ஸ்டைன் என்ற சிற்றூருக்கு வந்தார். அங்கே ஆடுமாடுகள் அடைப்பானால் மடிந்துகொண்டிருந்தன.

மனைவியின் பரிசு

கோக்கிடம் பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை. மனைவி எம்மி பரிசாகக் கொடுத்த மைக்ராஸ்கோப்தான் இருந்தது. வீடே ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று.

நோய் கண்ட மாட்டின் இரத்தத்தில் குச்சி போன்ற கிருமிகள் இருப்பதை முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். நோய்க்குக் காரணம் அவைதானா?

கோக் மரச் சிராய்களில் அந்த இரத்தத்தைத் தோய்த்து எலிகளின் உடலில் செலுத்தினார். எலிகள் மாண்டன. நல்ல மாட்டின் இரத்தத்தைச் செலுத்திய எலிகளுக்கு நோய் வரவில்லை. பிறகு மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் நீரில் கிருமிகளை வளர்த்துப் பார்த்தார். வளர்ந்த கிருமிகளும் எலிகளைக் கொன்றன. உண்மை விளங்கிவிட்டது!

இன்னொன்றையும் அவர் கண்டார். வாழ வழியில்லாதபோது கிருமி, விதைபோல் உறைக்குள் பதுங்கிக்கொள்கிறது. மண்ணில் பல ஆண்டுகள் கிடந்தாலும் சாவதில்லை. மேயும் மாட்டின் வயிற்றுக்குள் போனால், மீண்டும் உயிர்பெற்றுக் கொல்லுகிறது. 1876-ல் இதை அவர் வெளியிட்டார்.

கோக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். 1883-ல் காலராவை ஆராயக் கல்கத்தாவுக்கே வந்தார். 1905-ல் நோபல் பரிசு பெற்றார். 1910-ல் காலமானார்.

நாம் செய்ய வேண்டியது

மாடு திடீரென்று செத்தால் அதை அறுக்காதீர்கள். தோலை உரிக்காதீர்கள். காற்றுப் பட்டால் கிருமி உறைகட்டி மண்ணில் தங்கிவிடும். அறுக்கும் கைக்கும் நோய் தொற்றும். இறைச்சியை யாருக்கும் கொடுக்காதீர்கள். நாய், காக்கை நெருங்காமல் காத்து, உடனே கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் சொல்லுகிறபடி எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ செய்யுங்கள்.

இந்த நோய்க்குத் தடுப்பு ஊசி உண்டு. அதற்கான மருந்து நம் இராணிப்பேட்டையிலேயே தயாராகிறது. நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் ஊசி போடவேண்டும்.

தோலை விற்றால் சில ரூபாய் கிடைக்கும். ஆனால், அதற்காகக் கத்தி எடுத்தால் அடுத்த மாட்டையும் இழக்க நேரிடும். எலிகளோடு இரவு பகலாகப் பாடுபட்ட அந்த டாக்டர் நமக்குக் கற்றுத் தந்த பாடம் இது.