விண்வெளிக்கு லிப்டு: காது கேளாத ஆசிரியர் கண்ட கனவு

விண்வெளி ராக்கெட்டுக்கு முதலில் கணக்குப் போட்டவர் ரஷ்ய விஞ்ஞானி கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி. பூமியிலிருந்து லிப்டில் ஏறி விண்வெளிக்குப் போவது பற்றி முதன்முதலில் எண்ணிப் பார்த்தவரும் அவரே.

1857-ம் ஆண்டு ரியாசான் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் அவர் பிறந்தார். பத்து வயதில் வந்த கடும் காய்ச்சல் காது கேட்கும் சக்தியைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. பள்ளிப் படிப்பு நின்றது. சில ஆண்டுகளில் தாயும் காலமானார்.

பதினாறு வயதில் மாஸ்கோ சென்றார். மூன்று ஆண்டுகள் நூலகமே அவருக்குக் கல்லூரி. தந்தை அனுப்பிய சிறு தொகையைப் புத்தகங்களுக்கும் சோதனைகளுக்கும் செலவழித்துவிட்டு, கறுப்பு ரொட்டியும் தண்ணீருமாகக் காலம் தள்ளினார். 1879-ல் ஆசிரியர் தேர்வில் தேறி, கணக்கு வாத்தியார் ஆனார். 1892-ல் கலூகா நகருக்கு மாற்றலாகி, கடைசி வரை அங்கேயே வாழ்ந்தார். தாமே தகரத்தில் செய்த குழல்களைக் காதில் வைத்துத்தான் பிறர் பேச்சைக் கேட்பார்.

1889-ல் பாரிசில் ஈபிள் கோபுரம் எழும்பியது. அதைப் போன்ற கோபுரத்தை வானத்துக்குள் உயர்த்திக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். 1895-ல் அதை எழுதினார். மேலே போகப் போக உடலின் எடை குறையும். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் எடையே இராது என்று கண்டார்.

அந்த உயரத்தில் சுற்றும் பொருள், பூமி சுழலும் அதே வேகத்தில் நாளுக்கு ஒரு முறை சுற்றுவதால், தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். பெங்களூரில் மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதிக்கப்பட்ட 'ஆப்பிள்' செயற்கைக்கோள் 1981-ல் போய்ச் சேர்ந்தது அந்த உயரத்துக்குத்தான்.

ஆனால் கோபுரம் எழும்புமா? நீலசந்திராவில் மாடி மேல் மாடி கட்டும் மேஸ்திரிக்கும் விஷயம் தெரியும்: மேலே ஏற்ற ஏற்ற, பாரமெல்லாம் அடிச்சுவரின் தலையில்தான் விழும். அத்தனை உயரத்தைத் தாங்கும் கல்லோ இரும்போ உலகில் இல்லை. எனவே சியோல்கோவ்ஸ்கி அதைக் கற்பனைச் சோதனையாகவே விட்டுவிட்டு, ராக்கெட்டில் கருத்தைச் செலுத்தினார்.

1902-ல் மகன் தற்கொலை செய்துகொண்டான். அந்தத் துயரத்துக்கு அடுத்த ஆண்டு, 1903-ல், ராக்கெட்டால் விண்வெளி செல்வதை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளியாயிற்று. 1908-ல் ஓக்கா ஆற்று வெள்ளம் வீட்டில் புகுந்து கையெழுத்துப் பிரதிகளை நாசம் செய்தது. அவர் மீண்டும் எழுத உட்கார்ந்தார். 1935 செப்டம்பர் 19-ம் தேதி காலமானார்.

22 ஆண்டுகள் கழித்து, 1957-ல், ரஷ்யாவின் ஸ்புட்னிக் ராக்கெட்டில் ஏறிப் பறந்தது. அவர் கணக்கு பலித்தது.

கைவிட்ட கோபுரத்தையும் ஒருவர் மறக்கவில்லை. 1960-ல் லெனின்கிராடு எஞ்சினீயர் யூரி அர்சுதானோவ் அதைத் தலைகீழாக்கினார். கீழிருந்து கட்டுவதற்குப் பதில், மேலே நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து பூமத்திய ரேகைக்கு ஒரு கயிற்றைத் தொங்கவிடலாம்; பாரம் சரியாக இருக்க, எதிர்ப்புறமும் ஒரு கயிற்றை நீட்டலாம் என்றார்.

இங்கேயும் சிக்கல் பாரம்தான். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 2001-ல் மூடப்பட்ட அந்தச் சுரங்கம் 3 கி.மீ.க்கு மேல் ஆழம். ஆழம் கூடக் கூட, கூண்டின் எடையைவிடக் கயிற்றின் சொந்த எடையே பெரும் சுமையாகும். நல்ல எஃகுக் கயிறானாலும் சில பத்து கி.மீ. தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். இங்கே தேவையோ 36,000 கி.மீ.!

மிக மெல்லிய கார்பன் இழைக் குழாய்களுக்கு அந்த வலிமை உண்டு என்கிறார்கள். ஆனால் அவற்றை அத்தனை நீளத்துக்குக் குறையில்லாமல் திரிக்க இன்னும் வழியில்லை. விண்வெளிக் குப்பை மோதும். இடி மின்னல் தாக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், மெயில் வண்டிபோல் விடாமல் ஏறினாலும் மேலே போய்ச் சேர 15 நாள் ஆகும். அதுவரை வண்டிக்கு மின்சாரம் கொடுத்தாக வேண்டும்.

கலூகா வாத்தியார் போட்ட இரண்டு கணக்குகளில் ராக்கெட் கணக்குக்கு விடை கிடைத்தது. லிப்டு கணக்கோ தகுந்த கயிற்றுக்காகக் காத்திருக்கிறது.