தவறை எழுதிவைத்த பேராசிரியர்: அல்டோ லியோபோல்ட்

உயிரியல் வகுப்பில் உணவுச் சங்கிலி வரைந்த நாட்கள் எம் எல்லோருக்கும் நினைவிருக்கும். புல்லை மான் உண்ணும், மானை ஓநாய் உண்ணும். ஓநாயை நீக்கினால் மான் பெருகும், மான் பெருகினால் புல்லும் கன்றுகளும் அழியும். நாம் பரீட்சையில் நான்கு வரியில் எழுதிப் புள்ளி வாங்கிய இந்தப் பாடத்தை முழுதாக ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அமெரிக்காவில் வனசீவராசிகள் முகாமைத்துவத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்திய அல்டோ லியோபோல்ட் தான் அவர். ஆசிரியர்களையும் மாணவிகளையும் ஒருங்கே நினைக்கும் எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவருடைய கதையைச் சொல்வது பொருத்தம் என நினைக்கிறோம்.

லியோபோல்ட் 1887ஆம் ஆண்டு ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான பேர்லிங்டனில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்று, 1909இல் அமெரிக்க வனச் சேவையில் சேர்ந்து, அரிசோனா மலைக்காடுகளுக்குச் சென்றார். அங்கே ஒருநாள் அவரும் கூட்டாளிகளும் குட்டிகளோடு நின்ற ஓநாய் ஒன்றைச் சுட்டார்கள். அது உயிர்விடும் தறுவாயில் அவர் அருகே போய்ச் சேர்ந்தார். ஓநாய் குறைந்தால் மான் கூடும், வேட்டைக்காரருக்கு நன்மை என்பதே அன்று அவர் நம்பிக்கை. பின்வந்த ஆண்டுகளில் நியூ மெக்சிக்கோவில் ஓநாய்களையும் மலைச் சிங்கங்களையும் அடியோடு ஒழிக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் ஆட்களைத் திரட்டியவர்களில் அவர் முன்னணியில் நின்றார்.

1913இல் அவர் வாழ்க்கை நின்றுபோகப் பார்த்தது. மணமுடித்து ஆறு மாதமே ஆன நிலையில், குதிரையில் காட்டுக்குச் சென்றவர் மழையிலும் குளிரிலும் நாட்கணக்காக நனைந்து, உடல் வீங்கித் திரும்பினார். சிறுநீரக அழற்சி. குருதிச் சுத்திகரிப்போ இன்றுள்ள மருந்துகளோ இல்லாத காலம். பதினாறு மாதங்களுக்கு மேல் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. எழுந்தபின் கடும் மலைப்பயணம் குறைந்தது. வாசிப்பும் எழுத்தும் வனவிலங்கு பற்றிய சிந்தனையும் கூடின. அவருடைய முயற்சியால் 1924இல் நியூ மெக்சிக்கோவின் கிலா பகுதியில் சுமார் 750,000 ஏக்கர் காடு, வீதிகள் அமைக்கப்படாத வன்னிலமாக ஒதுக்கப்பட்டது.

அதே ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகருக்கு மாறினார். 1933இல் அவருடைய முகாமைத்துவப் பாடநூல் வெளிவந்தது. அதே ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் அவருக்காக ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியது. பழைய மாணவர்கள் அமைத்த ஆராய்ச்சி நிதியமே அதற்குப் பணம் தந்தது. அந்நிதியத்தின் முதல் வருமானம், உணவில் விற்றமின் டியைப் பெருக்கும் கண்டுபிடிப்பின் உரிமத்திலிருந்து வந்தது. பழைய மாணவிகள் சங்கத்தாராகிய எமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

இதற்கிடையே அவருடைய பழைய நம்பிக்கை ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. ஓநாயும் சிங்கமும் ஒழிக்கப்பட்ட மலைகளில் மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, எட்டிய இலையையெல்லாம் தின்று, பின் பட்டினியால் மாண்டன. 1935இல் ஜேர்மனியின் காடுகளில் வரிசையாக நட்ட மரங்களையும் அளவுக்கு மிஞ்சிய மான்களையும் கண்டார். அடுத்த ஆண்டு மெக்சிக்கோவின் சியரா மாட்ரே மலையில் ஓநாயும் சிங்கமும் இருந்தன, மானும் அளவாக இருந்தது, மண்ணும் அரிக்கப்படாமல் இருந்தது. நிலத்துக்கும் ஆரோக்கியம் உண்டு, அதற்கும் நோய் வரும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது.

விஸ்கொன்சினிலும் மான்கள் பெருகிப் பட்டினியில் வாடின. பெண் மான்களையும் வேட்டையாடிக் குறைக்க வேண்டும் என்று 1940களில் அவர் வாதிட்டார். முன்பு மானைப் பெருக்கச் சொன்னவர் இப்போது குறைக்கச் சொல்கிறாரே என்று பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் ஏச்சு வாங்கினார். ஆனாலும் பின்வாங்கவில்லை.

எனினும் மிகக் கடினமான கேள்வி ஒரு மாணவரிடமிருந்தே வந்தது. லியோபோல்ட் எழுதிவந்த கட்டுரைகளுக்குப் படம் வரைய இருந்தவர் அல்பேர்ட் ஹோக்பாம். அவர் லியோபோல்ட்டிடம் படித்தவர். ஓநாய்கள் அழிந்ததற்காக வருந்தும் ஆசிரியர், அந்த அழிவில் தமக்கிருந்த பங்கை ஏன் எழுதவில்லை என்று கடிதத்தில் கேட்டார். லியோபோல்ட் உடனே இணங்கவில்லை. இருவருக்கும் இடையே பல கடிதங்கள் போய்வந்தன. 1944இல் அவர் உட்கார்ந்து, இளம் வயதில் தாம் சுட்ட அந்த ஓநாயைப் பற்றி எழுதினார். அவர் எழுதியவற்றில் இன்று அதிகம் வாசிக்கப்படுபவற்றுள் அந்தக் கட்டுரையும் ஒன்று.

வைத்தியர்களாகிய எமக்கு இந்த இடம் சுடும். மாரடைப்புடன் வருவோர் எல்லோருக்கும் ஒட்சிசன் கொடுக்க வேண்டும் என்றே மருத்துவ பீடத்தில் கற்றோம், நம்பிக்கையோடு கொடுத்தோம். குருதியில் ஒட்சிசன் குறையாதவருக்கு அதனால் பயனில்லை எனப் பின்னர் தெரிந்தது. நடைமுறையை மாற்றிக்கொண்டோம். ஆனால் முன்னர் செய்ததைப் பற்றி எம்மில் எத்தனை பேர் மாணவர் முன் வாய்திறக்கிறோம்?

1935இல் விஸ்கொன்சின் ஆற்றருகே பாழ்பட்ட பண்ணை ஒன்றை அவர் வாங்கினார். அங்கிருந்த பழைய கோழிக்கூட்டையே வீடாக்கி, மனைவி எஸ்ரெல்லாவும் ஐந்து பிள்ளைகளும் வார இறுதிகளில் மரம் நட்டார்கள். முதல் கன்றுகளில் பெரும்பாலானவை வரட்சியில் பட்டுப்போயின, திரும்பவும் நட்டார்கள். எந்தப் பூ எந்த நாளில் மலர்ந்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று லியோபோல்ட் குறித்து வைத்தார்.

1948 ஏப்ரலில் அவருடைய கட்டுரைத் தொகுப்பை வெளியிட ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் சம்மதித்தது. ஒரு கிழமை கழித்து, ஏப்ரல் 21 அன்று, அயலவரின் பண்ணையில் பரவிய புல் தீயை அணைக்கச் சென்றவர் மாரடைப்பால் இறந்தார். வயது 61. அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஏ சாண்ட் கவுன்ரி அல்மனாக்' என்ற அந்நூலை அவர் அச்சில் பார்க்கவில்லை.

அவருடைய இரு மகள்மாரும் அறிவியலில் நிலைத்தார்கள். இளையவர் எஸ்ரெல்லா, புதைபடிவ மகரந்தத்தை ஆராய்ந்த பேராசிரியர். மூத்தவர் நீனா, தந்தை விட்ட குறிப்புகளை அதே பண்ணையில் மீண்டும் தொடர்ந்தார். பல பூக்களும் பறவைகளும் முன்னரிலும் முந்தி வருகின்றன என்று அவரும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலநிலை மாற்றத்துக்கு அது ஒரு முக்கிய சான்றாயிற்று.

எமக்குக் கற்பித்தவர்களிடம் நாம் வகுப்பில் கேட்கத் தயங்கிய கேள்விகள் பல உண்டு. இன்று எம்மில் பலர் ஆசிரியைகள், வைத்தியர்கள், தாய்மார். எம்மிடம் அப்படியொரு கேள்வி வரும்போது, ஹோக்பாமுக்கு லியோபோல்ட் செய்ததை நினைத்துக்கொண்டால் நல்லது.